கோடும் குறியும்

நாளை என்ன நிகழும் என்பதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசை மனிதனோடு கூடவே பிறந்தது. அறிவுக்குத் தாயும் அவ்வாசைதான். மூடநம்பிக்கைக்குத் தாயும் அவ்வாசைதான். மேகத்தைப் பார்த்து விதையை எடுத்து வைத்த உழவனும், கிளி எடுத்துக் கொடுத்த சீட்டைப் பார்த்து மகளுக்கு மாப்பிள்ளை தேடியவனும் இந்த ஒரே ஆசையினால்தான் உந்தப்பட்டார்கள். முன்னவனை அறிவாளி என்கிறோம். பின்னவனை ஏமாளி என்கிறோம். இருவரையும் பிரிக்கின்ற எல்லை எங்கே இருக்கிறது? இக்கேள்வி மிகப் பழமையானது. ஆனால் நம் காலத்தில் அது புதியதோர் உடை அணிந்து, நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துகொண்டிருக்கிறது.

இதனை நம் முன் கொண்டுவந்து வைத்தவர் தத்துவம் பயின்ற பேராசிரியர் ஒருவர் அல்லர். தருமபுரி மாவட்டம் இண்டூரில் சிறு வயதில் நம்மிடம் ஓதி, பின்னர் பட்டம் பெற்று, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகின்ற இளைஞர் அவர். 2024 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் நம் அருகே அமர்ந்து கைப்பேசியை நீட்டினார். பச்சையும் சிவப்புமாகச் சிறு சிறு கட்டங்கள். அவற்றின் குறுக்கே அவரே வரைந்திருந்த கோடுகள்.

"ஹஜ்ரத், இந்த இடத்தைப் பாருங்கள். மூன்று தடவை விலை இதுவரை இறங்கி வந்து, மூன்று தடவையும் திரும்பி ஏறியிருக்கிறது. இனி இதற்குக் கீழே போகாது" என்றார்.

"போகாது என்று உனக்கு யார் சொன்னது, தம்பி?"

"கோடு சொல்கிறது, ஹஜ்ரத். பங்குகள் வாங்குவது கூடுமா, கூடாதா? இப்படிக் கோடு பார்த்து வாங்கலாமா?"

நாம் ஒரு நொடியும் சிந்திக்கவில்லை. "இது சூது. ஹராம். விட்டுவிடு" என்று கூறி எழுந்துவிட்டோம். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். அத்துடன் நம் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டு மாதங்கள் சென்றன. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தன. ஹாஜிகள் மக்கா போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். அவ்விளைஞரின் தகப்பனார் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். சிறிய மளிகைக் கடையில் பதினாறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஹஜ்ஜுக்கென்று மகனிடம் ஒப்படைத்திருந்த தொகையில் மூன்றே கால் இலட்சம் போய்விட்டது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அவன் உங்களிடம் கேட்டானாமே, ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடி எழுதப்படுவது.

*

முதலில், இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

ஜப்பானில் ஒசாகா நகரின் தோஜிமாவில் நடந்துவந்த அரிசிச் சந்தைக்கு 1730 இல் அந்நாட்டு ஆட்சியாளர் முறையான அங்கீகாரம் வழங்கினர். கண்ணெதிரே இருந்த அரிசி மட்டுமன்றி, இனி வரவேண்டிய அரிசியும் அங்கே ஏட்டளவில் விலைபேசப்பட்டது. அந்நூற்றாண்டில் வாழ்ந்த ஹொம்மா முனெஹிசா என்னும் அரிசி வணிகரின் பெயரோடு, விலையேற்ற இறக்கத்தை மெழுகுவர்த்தி வடிவில் வரைகின்ற முறையை மரபாகத் தொடர்புபடுத்துகின்றனர். ஒவ்வொரு மெழுகுவர்த்தியும் ஒரு நாளின் நான்கு செய்திகளைச் சொல்லும்: தொடங்கிய விலை, உயர்ந்த விலை, தாழ்ந்த விலை, முடிந்த விலை. அமெரிக்காவில் 1889 இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சார்லஸ் டௌ, 1896 இல் பன்னிரண்டு நிறுவனங்களின் விலைகளைச் சேர்த்து ஒரு சராசரியை வெளியிட்டார். சந்தைக்கு ஏறுமுகம், இறங்குமுகம் என்னும் போக்குகள் உண்டு என்ற கருத்து அவர் எழுத்துக்களிலிருந்து வளர்ந்தது. 1978 இல் வெல்ஸ் வைல்டர் என்பவர் ஒரு பங்கு மிதமிஞ்சி வாங்கப்பட்டதா, விற்கப்பட்டதா என்பதைப் பூஜ்யம் முதல் நூறு வரை அளக்கும் ஓர் அளவுகோலை வகுத்தார். இன்று இவை யாவும் கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

விலை பலமுறை இறங்கித் திரும்பிய இடத்தைத் தாங்குநிலை என்கிறார்கள்; ஏறித் திரும்பிய இடத்தைத் தடைநிலை என்கிறார்கள். ஐம்பது நாள் சராசரி, இருநூறு நாள் சராசரி என்று கோடுகள் இழுத்து, ஒன்றையொன்று எங்கே வெட்டுகின்றன என்று நோக்குகிறார்கள். இவற்றுள் மாயம் ஏதுமில்லை. இவை நடந்து முடிந்த கொடுக்கல் வாங்கலின் பதிவுகள். கணக்கெழுதுவதை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான்! எனவே வரைபடம் என்னும் பொருளில் குற்றமில்லை. அதனிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*

தமிழில் 'குறி' என்றொரு சொல் உண்டு. அடையாளம் என்பதும் அதன் பொருள். இலக்கு என்பதும் அதன் பொருள். வருவதுரைத்தல் என்பதும் அதன் பொருள். கோடு முதற்பொருளில் குறியாக இருக்கும்வரை அறிவு. மூன்றாம் பொருளில் குறியாக மாறும்போது அது வேறொன்றாகிவிடுகிறது.

அறியாமைக் காலத்து அரபிகள் பயணம் புறப்படுமுன், திருமணம் பேசுமுன், வணிகத்தில் இறங்குமுன் அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஒன்றில் 'செய்' என்றிருக்கும், ஒன்றில் 'செய்யாதே' என்றிருக்கும், ஒன்று வெறுமையாயிருக்கும். வெற்றம்பு வந்தால் மறுபடியும் குலுக்குவார்கள். வாங்கு, விற்பனை செய், காத்திரு என்று இன்றைய திரைகளில் தோன்றும் மூன்று ஏவல்களையும் காணுங்கால் அம்மூன்று அம்புகளும் நம் நினைவுக்கு வருகின்றன. சூரா அல்மாயிதா மதுவையும் சூதையும் கண்டிக்கும் அதே வசனத்தில் இந்த அம்புகளையும் சேர்த்துக் கண்டித்திருப்பது சிந்திக்கத்தக்கது. சூதும் குறியும் உடன்பிறப்புக்கள். மறைவானதை அறிந்துவிட்டோம் என்னும் மயக்கம் இல்லாமல் எவனும் தன் முழுப்பொருளையும் ஒரே வீச்சில் வைப்பதில்லை. நாளைய சம்பாத்தியம் எவ்வுயிருக்கும் மறைக்கப்பட்டவற்றுள் ஒன்று என்பதைச் சூரா லுக்மானின் இறுதி வசனம் உணர்த்துகின்றது.

அப்படியானால் எதிர்காலத்தைப் பற்றி எதையுமே எண்ணலாகாதா? அவ்வாறன்று. நம் மார்க்க அறிஞர் அறிவைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். ஐயமற்ற உறுதி 'யகீன்'. ஒரு பக்கம் கனத்திருக்கும் கருத்து 'ளன்னு'. இரு பக்கமும் சமமாக நிற்பது 'ஷக்கு'. ஆதாரமற்ற எண்ணம் 'வஹ்மு'. வாழ்வின் பெரும்பகுதி இரண்டாம் படியிலேயே நடக்கின்றது. திசை தெரியாத காட்டில் அகப்பட்டவன், விண்மீனையும் காற்றையும் கொண்டு ஆராய்ந்து கிப்லா இதுவெனத் துணிந்து தொழுகிறான். பின்னர் அது தவறென்று தெரிந்தாலும் அத்தொழுகை நிறைவேறிவிட்டது என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. அவனிடம் கேட்கப்பட்டது முயற்சியே, நிச்சயம் அன்று. ஆனால் அவன், "இதுதான் கிப்லா, சந்தேகமேயில்லை" என்று சொல்லி, பின்னால் ஆயிரம் பேரை நிறுத்திவைத்துக் காசும் வாங்கினால் அவன் நிலை வேறு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' என்னும் நூலில் பஞ்சையும் நெருப்பையும் கொண்டு ஓர் ஆழ்ந்த கருத்தை விளக்கினார்கள். நெருப்பு பட்டதும் பஞ்சு எரிவதைக் காண்கிறோம். நாம் காண்பது ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதை மட்டுமே. ஒன்றினால் மற்றொன்று தப்பாது நிகழ்ந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயத்தை நம் கண் காணவில்லை. அது இறைவன் நடத்திவரும் வழக்கம். இவ்வாறு கூறிய இமாமவர்கள், எனவே நெருப்பில் கையை வைக்கலாம் என்று சொல்லவில்லை. அவ்வழக்கத்தின்மேல் நம்பிக்கை வைத்து நடக்கும் அறிவையும் இறைவனே நமக்கு அருளியிருக்கிறான் என்றே விளக்கினார்கள்.

இப்போது சிந்திப்போம். உலகம் தோன்றிய நாள் தொட்டு மாறாது வந்திருக்கும் நெருப்பின் வழக்கத்தையே கட்டாயம் என்று சொல்லத் தயங்கினார் அப்பேரறிஞர். மூன்று முறை திரும்பிய விலையைப் பார்த்து, நான்காம் முறையும் திரும்பியே தீரும் என்று சொல்வது எவ்வளவு துணிச்சல்!

இன்னொன்றும் உண்டு. மேகம் நம்மைப் பார்ப்பதில்லை. இண்டூர் உழவர் மேற்கே கருக்கலைப் பார்த்துவிட்டார் என்பதற்காக மழை தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் சந்தை விலை என்பது மனிதர் செயல். அதே கோட்டை இலட்சம் பேர் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் விலை ஏறும் என்று எல்லாரும் எண்ணினால் எல்லாரும் முன்னதாகவே வாங்குகிறார்கள். ஏறவேண்டியது முன்பே ஏறிவிடுகிறது. பிந்தியவர் உச்சியில் நின்று வாங்குகிறார். அந்த இடத்தில் அச்சங்கொண்டோர் விற்றுவிட ஆணை கொடுத்து வைத்திருப்பார்கள் என்பதும் பெருமுதலாளிகளுக்குத் தெரியும். பார்க்கப்படுவதனாலேயே பொய்க்கக்கூடிய அடையாளம் இது. மேகத்தைப் பற்றிய அறிவையும் இதனையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

அவ்வாறாயின் சிலர் வென்றது எப்படி என்று கேட்கலாம். ஆயிரத்து இருபத்து நான்கு பேர் ஆளுக்கொரு நாணயத்தைச் சுண்டுவதாகக் கொள்வோம். பூ விழாதவர் விலகிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் விலகுவர். பத்துச் சுற்றுக்குப் பின்னும் ஒருவர் எஞ்சி நிற்கக்கூடும். பத்து முறையும் தவறாமல் பூ விழச் செய்த அந்த ஒருவர், நாணயம் சுண்டும் கலையைப் பற்றி வகுப்பு நடத்தத் தொடங்கினால் கூட்டம் திரளும். விலகிய ஆயிரத்துச் சொச்சம் பேரும் வகுப்பு நடத்துவதில்லை. அவர்கள் வீட்டில் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். வெற்றியாளரெல்லாம் இத்தகையவர் என்று நாம் சொல்லவில்லை. திறமையும் இருக்கலாம். ஆனால் திறமைக்கும் தற்செயலுக்கும் வேறுபாடு அறியாமல் ஒருவரைக் குருவாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

*

நிகழ்ந்தவற்றைக் கொண்டும் இதனை அறியலாம். 2020 சனவரியில் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 42,000 புள்ளிகளைத் தாண்டியது. போக்கு மேல்நோக்கியே இருந்தது. மார்ச் 23 ஆம் நாள் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் வீழ்ந்து 26,000க்கும் கீழே முடிந்தது. இடையில் வர்த்தகத்தையே நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்திவைக்க நேர்ந்தது. காரணம் ஒரு நோய்க்கிருமி. சனவரியில் வரையப்பட்ட எந்தக் கோட்டிலும் அக்கிருமி இல்லை. பின்னர் அதே ஆண்டு நவம்பரிலேயே சென்செக்ஸ் பழைய உயரத்தை எட்டிக் கடந்தது. சொந்தப் பணத்தை, அவசரத் தேவையில்லாத பணத்தை நல்ல நிறுவனங்களின் பங்குகளில் வைத்திருந்த பலர் பொறுத்திருந்து கரையேறினர். கடன் வாங்கிப் போட்டவருக்கும், நாளைக்கு வேண்டிய பணத்தைப் போட்டவருக்கும் நவம்பர் வரை காத்திருக்க வழியில்லை. வீழ்ச்சி ஒன்றே, வீழ்ந்தவர் நிலை இரண்டு. வேறுபாடு கோட்டில் இல்லை. பணம் யாருடையது, எதற்குரியது என்பதில் இருந்தது.

2024 சூன் 3 ஆம் நாள், தேர்தல் பற்றிய கணிப்புகளை நம்பிச் சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் உயர்ந்தது. வரைபடம் பார்த்தோர்க்கு அது தடைநிலையை உடைத்தெழுந்த ஏற்றம். மறுநாள் சூன் 4 இல் வாக்குகள் எண்ணப்பட்டபோது 4,389 புள்ளிகள் வீழ்ந்தது. நம் இளைஞர் தந்தையின் பணத்தை இழந்தது அந்த இரு நாட்களுக்குள்தான். அவர் வாங்கியது பங்கும் அன்று. 'ஆப்ஷன்' எனப்படும் ஒப்பந்தம். குறியீட்டெண் ஏறும் என்பதன்மேல் வைத்த பந்தயம்.

இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியமாகிய செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்றாண்டுகளில் பங்குகளின்மேல் 'ஃபியூச்சர்', 'ஆப்ஷன்' வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்று கண்டது. தனிநபர்கள் இழந்த மொத்தம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2025 இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், 2024–25 ஆம் ஆண்டிலும் நட்டமடைந்தோர் 91 விழுக்காடு என்று தெரியவந்தது. இவர்கள் எல்லாரும் வரைபடம் பார்த்தே வாங்கினர் என்று கூற இயலாது. ஆனால் வரைபடம் எல்லாக் கைகளிலும் இருந்தது. அது வருங்காலத்தை அறிவிக்கும் கருவியாயிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் இழந்திருக்க மாட்டார்கள்.

*

இனி, மார்க்கம் இதில் எங்கே கோடு கிழிக்கிறது என்று காண்போம்.

பங்கு என்பது ஒரு தொழிலில் கூட்டு. தொழில் ஹலாலானதாயின் அதில் பங்கு கொள்வது அடிப்படையில் ஆகுமானதே. 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இவ்வாறே முடிவு செய்தது. அதே அமர்வு, சந்தையில் நடைபெறும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் கூடா என்றும், குறியீட்டெண்ணையே விற்பதும் வாங்குவதும் கலப்பற்ற சூது என்றும் தீர்மானித்தது. நிறுவனம் வட்டியில் எவ்வளவு தோய்ந்திருக்கிறது என்பதை அளக்கவும் பிற்கால அறிஞர் வரம்புகள் வகுத்தனர்; அவ்வரம்புகளைப் பற்றிக் கருத்து வேறுபாடும் உண்டு. அத்தகைய அளவுகோல்களின்படி தேர்ந்த ஐம்பது நிறுவனங்களைக் கொண்ட ஷரீஅத் குறியீட்டெண் ஒன்றை மும்பைப் பங்குச் சந்தை 2010 இல் அறிமுகப்படுத்தியது.

இவ்வேறுபாட்டின் காரணம் நம் மாவட்டத்தாருக்கு எளிதில் விளங்கும். மாந்தோப்பைப் பூவிலும் பிஞ்சிலும் விலைபேசிக் குத்தகைக்கு விடுவதை நாம் கண்டிருக்கிறோம். காய் தேறும் முன்னே கனியை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இறைவன் அக்கனியைத் தராது நிறுத்திவிட்டால் உன் சகோதரனின் பொருளை எந்த நியாயத்தால் எடுத்துக்கொள்வாய் என்பது அத்தடையின் கருத்து. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டபோது, கையில் இல்லாததை விற்கவேண்டாம் என்றும் தடுத்தார்கள். விலை ஏறி இறங்குவது குற்றமன்று. பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தைக்குச் செல்பவருக்கு விலையின் கொந்தளிப்பைப் பற்றி யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. 2023 சூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய தக்காளி, சில வாரங்களிலேயே சரிந்தது. ஆயினும் அங்கே ஒரு கூடை தக்காளி இருக்கிறது, உழைத்தவர் இருக்கிறார், உண்பவர் இருக்கிறார். பொருளை நீக்கிவிட்டு அதன் விலையின் அசைவை மட்டும் விலைபேசுமிடத்தில், ஒருவர் பெறுவதெல்லாம் மற்றொருவர் இழந்ததே. வள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே வகுத்து, அதில் வரும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டதும் இதனையுணர்ந்தே.

"வென்றால் தருமம் செய்வேன்" என்பார் சிலர். அரபிகளின் 'மைஸிர்' ஆட்டத்திலும் வென்றோர் அறுத்த ஒட்டகத்தின் இறைச்சியை ஏழைகளுக்கே கொடுத்தனர்! அதில் சில பயன்கள் உண்டென்பதை அல்குர்ஆன் மறுக்கவில்லை. பாவம் பயனைவிடப் பெரிது என்றே தீர்ப்பளித்தது.

சரி, ஆகுமான பங்கை, சொந்தப் பணத்தில் வாங்குகிறவர் கோடு பார்க்கலாமா? பார்க்கலாம் என்பதே நம் கருத்து. ஆனால் அதனிடம் கேட்கவேண்டிய கேள்வி, "எவ்வளவு ஏறும்?" என்பதன்று, "நான் நினைத்தது தவறு என்பதை எந்த இடத்தில் ஒப்புக்கொள்வேன்?" என்பதே.

ஒருவரிடம் ஓர் இலட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு கொள்முதலில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று உறுதி செய்துகொள்கிறார். ஒரு பங்கின் விலை 500. தாங்குநிலை 480க்குச் சற்று மேலே இருக்கிறது. 480க்கு வந்தால் விற்றுவிடுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார். பங்கொன்றுக்கு இழப்பு 20 ரூபாய். ஆகவே ஐம்பது பங்குகளுக்கு மேல் அவர் வாங்கக்கூடாது. முதலீடு 25,000, இழப்பின் எல்லை 1,000. இதனையே 'ஸ்டாப் லாஸ்' என்கிறார்கள். இதுவும் முழுக்காப்பன்று. சந்தை ஒரே தாவலில் 460இல் திறந்தால் 480இல் வாங்குவார் இரார். அப்போது இழப்பு இருமடங்காகும். ஆயினும் இது ஒட்டகத்தைக் கட்டுவது போன்றது. கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதே நம் நபி வழி. நூறு ரூபாய் ஐம்பதாகக் குறைந்தால் இழப்பு ஐம்பது விழுக்காடு. அதை மீண்டும் நூறாக்க நூறு விழுக்காடு இலாபம் வேண்டும். இந்தக் கணக்கை அறிந்தவன் கோட்டை ஆசையின் ஏணியாகக் கொள்ளமாட்டான், வேலியாகவே கொள்வான்.

ஆக, ஒரே கோடு இரண்டு வேலைக்குப் பயன்படுகிறது. நம் கையைத் தடுக்கும் வேலை ஒன்று. நாளையை வாக்களிக்கும் வேலை மற்றொன்று. முன்னது அறிவு, பின்னது குறி.

*

ஸஹீஹுல் புகாரியில் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவிலிருந்து புறப்பட்டுச் சதுரத்தையும் தாண்டி வெளியே செல்லும் ஒரு கோடு இழுத்தார்கள். அந்த நடுக்கோட்டை நோக்கிப் பக்கத்திலிருந்து சிறு சிறு கோடுகள் வரைந்தார்கள். நடுவில் இருப்பவன் மனிதன். சூழ்ந்திருக்கும் சதுரம் அவனுடைய தவணை. வெளியே நீண்டு செல்வது அவனுடைய ஆசை. சிறு கோடுகள் அவனைத் தாக்கக் காத்திருக்கும் நிகழ்ச்சிகள் என்று விளக்கினார்கள். ஒன்று தப்பினால் மற்றொன்று தீண்டும் என்பதையும் உணர்த்தினார்கள்.

மனித வாழ்வைப் பற்றி வரையப்பட்ட வரைபடங்களுள் இதனினும் உண்மையானதொன்றை நாம் அறியோம். நம் இளைஞர் பின்னொரு நாள் நம்மிடம் வந்தபோது மறைக்காமல் ஒன்றைச் சொன்னார். சூன் 4 காலையில் அவரும் ஓர் எல்லையை எழுதி வைத்திருந்தார். விலை அதை நெருங்கியதும், "இது சிறிது நேரத்தில் திரும்பிவிடும்" என்று தாமே அந்த எல்லையை அழித்து, கீழே வேறொன்று எழுதினார். பின்னர் அதையும் அழித்தார். வேலியாக இருந்த கோட்டை அழித்ததும், சதுரத்திற்கு வெளியே ஓடும் கோடு ஒன்றே மிஞ்சியது.

"அப்படியானால் நான் ஏன் சொன்னதைக் கேட்கவில்லை?" என்று வினவினோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்கள் எல்லாமே ஹராம் என்றீர்கள், ஹஜ்ரத். பிறகு பங்கு கூடும் என்று பெரிய ஆலிம்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். உங்களுக்கு இது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அதனால் நீங்கள் சூது என்று சொன்னதையும் விட்டுவிட்டேன்."

அவ்வார்த்தை நம்மைச் சுட்டது. ஆனால் அது நியாயம். அவர் கேட்டது இரண்டு கேள்விகள். நாம் இரண்டையும் ஒன்றாக்கி, ஆராயாமல் ஒரு சொல்லால் மூடிவிட்டோம். ஆகுமானதையும் சேர்த்துத் தடுத்ததனால், ஆகாததைத் தடுக்கும் தகுதியை இழந்தோம். கையில் இல்லாத பொருளை விற்கலாகாது என்று மற்றவருக்குக் கிதாபு விரித்துச் சொல்லும் நாம், கையில் இல்லாத அறிவை அன்று அத்திண்ணையில் விற்றோம். அவர் கோட்டை அளவுக்கு மீறி நம்பினார். நாம் நம் சொல்லை அளவுக்கு மீறி நம்பினோம். நட்டம் மட்டும் ஒரு வயோதிகருக்கு.

"இழந்ததை அதே வழியில் மீட்டு அத்தாவுக்குக் கொடுத்துவிடலாமா?" என்றும் அவர் கேட்டார். கூடாது என்றோம், இம்முறை காரணமும் சொன்னோம். அந்தப் பணம் அமானிதம். அதை அனுமதியின்றித் தொட்டதே முதல் தவறு, வென்றிருந்தாலும் தவறே. அமானிதத்தை வீணாக்கியவர் மேல் அது கடனாகிறது. கடனைச் சூதால் அடைப்பது ஒரு குழியை மற்றொரு குழியின் மண்ணால் மூடுவது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கித் தந்தைக்குத் திருப்பவேண்டும். அது எத்தனை ஆண்டாயினும் சரி. இன்று அவர் அவ்வாறே செய்து வருகிறார்.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்வோம். பிள்ளையின் கைப்பேசியில் பச்சையும் சிவப்பும் தெரிந்தால் உடனே சினந்து கொள்ளவேண்டாம். அருகே அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். நீ வாங்குவது ஒரு தொழிலின் பங்கா, வெறும் அசைவா? இது யாருடைய பணம்? எந்த இடத்தில் நிறுத்துவாய், அதை எழுதி வைத்தாயா? இம்மூன்றுக்கும் நேரான விடை சொல்லத் தெரிந்த பிள்ளை கோடு பார்ப்பதில் கேடில்லை. தெரியாவிட்டால், நீங்கள் கேட்ட பொறுமையே அவனைத் திரும்ப அழைத்து வரக்கூடும். எங்களைப் போன்ற ஆசிரியர்களும், தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லவும், தெரியாததைத் "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லவும் பழகவேண்டும். 'லா அத்ரீ' என்று சொல்லத் தயங்காதவர்களே நம் இமாம்கள்.

அத்தந்தையார் இன்றும் ஹஜ்ஜுக்குச் செல்லும் நிய்யத்தோடுதான் இருக்கிறார். வல்ல அல்லாஹ் அவருடைய நாட்டத்தை நிறைவேற்றுவானாக! ஹலாலான பொருளையும், அதன் எல்லையை அறியும் அறிவையும், அறியாததை அறியாதது என்று ஒப்பும் பணிவையும் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.